வரித்தலை வாத்தும் உன்னுடைய சாய்ஸ் லிஸ்ட்டும்

தம்பி,

இந்த இணையப் பக்கத்தில் வாராவாரம் ஏதாவது ஒரு பறவையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ படிப்பதே இல்லை என்று சொல்வாய். ஆனால் போன மாதம் மீன்கொத்தியைப் பற்றிப் போட்டதில் இருந்த எழுத்துப்பிழையை மறுநாள் சாப்பிடும்போது நீதான் சொன்னாய். அதனால் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இந்த வாரமும் பறவைதான். ஆனால் இதை உனக்காக எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும்.

செவ்வாய்க்கிழமை தட்டில் இட்லியைப் பிய்த்துக்கொண்டே லடாக் வேலையை வேண்டாம் என்று சொல்லப்போவதாகச் சொன்னாய். சூரிய மின் நிலையத்தில் இரண்டு வருடம். மூன்று சுற்று நேர்காணல் முடிந்து அவர்களே அழைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். "ஏண்டா?" என்று கேட்டேன். "அம்மா, நீ வேற. அங்க வாரவய்ங்க எல்லாம் பெரிய பெரிய காலேஜ் பயலுக. எனக்கு மெட்ராஸ் காலேஜே கிடைக்கல. ஏதோ தெரியாம எடுத்துட்டாய்ங்க. மூணு மாசத்துல கண்டுபிடிச்சு திருப்பி அனுப்பிருவாய்ங்க. அந்த அசிங்கத்துக்கு இங்கயே கெடக்கலாம்." சொல்லிவிட்டுச் சட்னி கேட்டாய். நான் ஊற்றினேன்.

உனக்குச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. ஆறு வருடமாக இருக்கிறது. அதற்கு நேராகப் போக எனக்குத் தைரியம் வரவில்லை, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொள்.

இந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் அப்பாவைப் பைக்கோடு இழுத்துக்கொண்டு திருவாதவூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போனேன், நினைவிருக்கிறதா? உனக்கு அன்றைக்கு ஷிப்ட். நெல் வயல்களுக்கு மேல் பனி ஒரு மெல்லிய வேட்டியைக் காயப்போட்டது மாதிரி கிடந்தது. வண்டியை நிறுத்திய பிறகு சத்தமே இல்லை. கண்மாயும் வானமும் ஒரே நிறத்தில் இருந்ததால் கரை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அந்தச் சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக உருவம் எடுத்து வந்தன வாத்துகள். வெளிர் சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, தலையின் பின்னால் கண்மை இழுத்தது மாதிரி இரண்டு கறுப்புக் கோடு. ஏழு இருந்தன. வரித்தலை வாத்து! ஃபோனில் நூறு தடவை பார்த்த முகம் எனக்கு எதிரே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன், பட்டன் தெறித்தது.

"இதுக்கா ஞாயித்துக்கெழமை தூக்கத்தக் கெடுத்த?" என்றார் அப்பா. "வாத்துதான. தலையில கோடு போட்டிருக்கு, அம்புட்டுத்தான்."

"என்னங்க, அது இமயமலையத் தாண்டி வந்திருக்குங்க!"

"எந்த டெப்போ?" என்றார். பஸ் டிரைவரைக் கட்டினால் அப்படித்தான்.

ஆனால் அவரும் பிறகு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தோம். அவை லடாக் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வருபவை என்று நான் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த மலைகளுக்கு மேல் காற்று நீர்த்துப்போயிருக்கும், நமக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். இவற்றின் ரத்தம் அந்தக் கொஞ்சக் காற்றிலிருந்தே பிராணவாயுவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உடம்புக்குச் சிறகு மற்ற வாத்துகளைவிடப் பெரிது, மூச்சும் ஆழம். பகல் வெயிலில் காற்று சூடாகி இன்னும் லேசாகிவிடும் என்பதால் குளிர்ந்த நேரமாகப் பார்த்துப் பறக்கும். அகங்காரம் பிடித்து ஒரே உயரத்திலும் போகாது, மலை இறங்கினால் இறங்கி, ஏறினால் ஏறி, தரையை ஒட்டியே போகும். இதெல்லாம் ஒரு வாத்து யோசித்துச் செய்தது இல்லை. அந்த உயரத்தில் திணறியவை குறைய, தாங்கியவை குஞ்சு பொரிக்க, எத்தனையோ ஆயிரம் தலைமுறையாக அந்த இடமே அந்த உடம்பைச் செதுக்கியிருக்கிறது.

பறப்பது என்றால் எல்லாப் பறவைக்கும் ஒரே வேலை என்று நான் நாற்பது வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன், தம்பி! நம் யானைமலைக்குப் பக்கத்துப் புதர்க்காட்டு மயிலைப் பார். அதன் சிறகு குட்டையாக, வட்டமாக இருக்கும். தூரம் போக அதற்கு உதவாது. நாய் வந்தால் தடாலென்று நேராக எழும்பி மரக்கிளையில் ஏற மட்டும்தான். காட்டுக்குள் இருப்பதற்கு அது போதும். அதற்கு நேர்மாறு நம் ஆரப்பாளையம் வீட்டுக்கு மேல் சுற்றுகிற உழவாரன் குருவி. அரிவாள் மாதிரிச் சிறகு, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் காற்றிலேயே. காலோ பேருக்கு ஒரு கால், தரையில் விழுந்தால் நடக்கத் தெரியாது. நீ காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒன்று நம் பிரவுசிங் சென்டருக்குள் புகுந்து ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் விழுந்துவிட்டதே, அதுதான். நான் கையில் விளக்குமாற்றோடு நிற்க, நீ சட்டையைக் கழற்றிப் போர்த்தி எடுத்தாய். மாடிக்குக் கொண்டுபோய் உள்ளங்கையை விரித்து நீட்டினாய். தூக்கி எறியச் சொன்னேன். "எறிஞ்சா பயந்துக்கிரும். அதுவா போகட்டும்" என்றாய். பத்து நிமிஷம் கை அசையவில்லை உனக்கு. அது உன் விரலில் நெஞ்சை வைத்து நடுங்கிக்கொண்டே இருந்தது. திடீரென்று கை காலியாக இருந்தது. நாம் இருவரும் பார்க்கவேயில்லை, அவ்வளவு வேகம். அன்று சாயங்காலமே நான் அந்தப் பறவையின் பெயரைத் தேடினேன். அப்படித் தொடங்கியது எனக்கு இந்தப் பைத்தியம். பாடமாக எதையும் படித்தவள் இல்லை. வீடியோ, வீடியோவுக்குக் கீழே சண்டை, சண்டையில் தோற்றால் அவர்கள் அனுப்புகிற கட்டுரை, கட்டுரை புரியாவிட்டால் மொழிபெயர்ப்பு ஆப். ஆறாங்கிளாஸ் பிள்ளை மாதிரி நோட்டுப்போட்டு எழுதினேன்.

இப்போது தீவுக்கு வருகிறேன். இந்தியப் பெருங்கடலில் ஒரு பவளத் தீவு இருக்கிறது. அங்கே ஒரு கோழி. நம் கண்மாய்க் கோரைக்குள் ஓடுகிற கம்புள் கோழியின் ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள். அதன் முன்னோர்கள் வேறொரு பெரிய தீவிலிருந்து கடல் தாண்டிப் பறந்து வந்தவர்கள். வந்த இடத்தில் துரத்த நரி இல்லை, பூனை இல்லை. தின்பது காலடியில் கிடக்கிறது. பறப்பதற்கான நெஞ்சுத் தசையை வைத்துப் பராமரிப்பது பெரிய செலவு, தம்பி. அந்தத் தீவில் சின்னத் தசையோடு பிறந்த குஞ்சுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, மிச்சமான தெம்பில் அது நன்றாகவே முட்டையிட்டது. தலைமுறை தலைமுறையாக அப்படியே போய், இன்றைக்கு அந்தக் கோழிக்குச் சிறகு இருக்கிறது, பறக்க முடியாது. கடலில் ஒரு சின்ன வட்டம், நடுவில் பயமே இல்லாத ஒரு கோழி தன் பாட்டுக்கு மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறது. எத்தனையோ மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது நான் கண்ணை மூடி அந்தத் தீவில் போய் உட்கார்ந்திருக்கிறேன். அலைச் சத்தம்கூடக் கேட்கும் எனக்கு.

அந்தத் தீவு எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன். அது நம் வீடு மாதிரி இருந்தது. நீ காலையில் டிபன் பாக்ஸோடு போய்ச் சாயங்காலம் வந்துவிடுவாய். துரத்த ஆள் இல்லை, தின்பது காலடியில். சொகுசான இடத்தில் சிறகு தேவைப்படாது, அது இயற்கைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதே பக்கத்தில், "பயன்படுத்தாவிட்டால் சிறகு சுருங்கும்" என்று ஒரு பதிவுகூடப் போட்டேன். ஒரு காலேஜ் பையன் வந்து கீழே எழுதினான்: "அக்கா, தப்பு. ஒரு பறவை சும்மா உட்கார்ந்தா அதோட குஞ்சுக்குச் சிறகு கொறையாது. ஒரு ஆயுசுல நடக்குறது இல்ல இது." இரண்டு நாள் அவனோடு சண்டை போட்டேன். மூன்றாம் நாள் படித்துப் பார்த்து, தப்பு என் மேல்தான் என்று எழுதி அவனுக்கு ஒரு வணக்கமும் போட்டேன். அப்போதும் அது பறவை பற்றிய விஷயம் என்றுதான் நினைத்தேன்.

நேற்று மாடியில் துணி எடுக்கப் போனபோது பக்கத்து வீட்டுச் செல்வம் அண்ணன் புதிதாக வாங்கி வந்த புறாவை மடியில் வைத்து, சிறகின் பெரிய இறகுகளைச் சேர்த்து நூலால் கட்டிக்கொண்டிருந்தார். நீயும் சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். நேற்று என்னவோ நின்று கேட்டேன்.

"ஏண்ணே, கட்டியே வச்சா பறக்கிறத மறந்துறாதா?"

"மறக்கிறதாவது! நூல அவுத்துவிட்டுப் பாரு. நேரா பழைய வீட்டுக்குல்ல போயி நிக்கும், களவாணிப்பய புள்ள. அதுக்குத்தான தங்கச்சி கட்டுறதே."

"எம்புட்டு நாளைக்கு?"

"ஜோடி சேருற வரைக்கும். சேந்து முட்ட வச்சிருச்சுன்னா பெறகு நூலு எதுக்கு? வெரட்டுனாலும் போகாது." சிரித்தார். "ஒம் மகனுக்கும் ஜாதகம் குடுத்திருக்கியாம்ல? ஒன் வீட்டுக்காரரு சொன்னாரு."

துணிக் கூடையை அங்கேயே வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். ஆமாம், குடுத்திருக்கிறேன். லடாக் நேர்காணல் இரண்டாம் சுற்று முடிந்த வாரம், உன்னிடம் கேட்காமல், மாட்டுத்தாவணிப் பக்கம் இருக்கிற புரோக்கரிடம். "உள்ளூர்ப் பொண்ணா பாருங்க" என்று சொல்லித்தான் ஜாதகத்தைக் குடுத்தேன்.

பறக்கத் தெரியாத பறவை வேறு, இறகைக் கட்டிவைத்த பறவை வேறு. பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் தத்தித் தத்தி நடக்கும். நீ உன்னை முதல் வகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நூல் என் கையில் இருந்தது. சொல்லிவிடுகிறேன்.

இன்ஜினியரிங் கவுன்சலிங் நாட்களில் நம் கடை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். விரும்புகிற கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிகிற சாய்ஸ் ஃபில்லிங்குக்குப் பிள்ளைகளும் அம்மாக்களும் வாசல்வரை நிற்பார்கள். பிள்ளை தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து அம்மா என் காதில் வந்து, "அக்கா, அவன் பாக்காதப்ப நம்ம ஊர் காலேஜ மேல ஏத்தி விட்டுருங்க" என்பாள். பொம்பளைப் பிள்ளையைப் பெற்றவர்கள் மட்டும் இல்லை, ஒற்றைப் பையனைப் பெற்றவர்களும்தான். "பெத்த புள்ள வாழ்க்கையில வெளையாடாதீக" என்று நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! உன் முறை வந்தது. கடைசி நாள். இருபத்திரண்டு கல்லூரியை நீயே வரிசைப்படுத்தி டைப் அடித்தாய். மதுரைக் கல்லூரி பதினாலாவது. "அம்மா, ஒருவாட்டி செக் பண்ணிட்டு லாக் பண்ணிரு. நான் குளிச்சிட்டு வாரேன்" என்று துண்டை எடுத்துக்கொண்டு போனாய். அந்தக் கல்லூரியை ஒரு இடம் மேலே நகர்த்த அம்புக்குறியை ஒரு தடவை அழுத்த வேண்டும். நான் பதிமூன்று தடவை அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் நிறுத்தியிருக்கலாம். உள்ளே நீ சொம்பில் தண்ணீர் மோந்து ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. பிறகு லாக் செய்தேன்.

"லாக் பண்ணிட்டியாம்மா?" என்று தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாய். "ம்" என்றேன்.

மதுரைக் கல்லூரி என்று ரிசல்ட் வந்தது. மேலே எழுதிய பதிமூன்றும் உன்னைக் கழித்துவிட்டன என்று நினைத்தாய். உன்னைவிட மார்க் குறைந்த பையன் சென்னைக்குப் போனபோது, "எனக்கு லக்கு இல்லம்மா" என்றாய். "முடிஞ்சத ஏண்டா கிண்டுற" என்றேன். எந்தக் கல்லூரியில் எந்த ரேங்க்வரை இடம் கிடைத்தது என்ற கடைசி ரேங்க் பட்டியல் வெளிவந்ததும் நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவதாக எழுதியிருந்தாயே, சென்னைக் கல்லூரி, அது உனக்குக் கிடைத்திருக்கும். வரிசை மாறாமல் இருந்திருந்தால் நிச்சயமாகக் கிடைத்திருக்கும். யாரும் உன்னைக் கழிக்கவில்லை. உன் பெயர் அந்த வாசல்வரை போகவேயில்லை, நான் பாதியில் மறித்துவிட்டேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அப்பா அப்போது நெடுந்தூர வண்டி, வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்கமாட்டார். எனக்குப் பத்தொன்பது வயதில் நீ பிறந்தாய். நீ அ, ஆ எழுதும்போதுதான் நான் கீபோர்டு பழகினேன். உன் ஆறாங்கிளாஸ் கம்ப்யூட்டர் புத்தகத்தை உனக்கு முன்னால் நான் படித்து முடித்தேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து வளர்ந்தோம், தம்பி. நீ போய்விட்டால் நான் யாரோடு வளர்வது என்று தெரியவில்லை. இது காரணம்தான், மன்னிப்புக்கான தகுதி இல்லை.

நேற்றே அப்பாவிடம் சொன்னேன். ஆறு வருடத்தில் முதல் தடவை. "இம்புட்டு நாளா அவன் மொகத்தப் பாத்துக்கிட்டே எப்பிடி இருந்த?" என்றார். பிறகு, "நீயே சொல்லிரு. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிரும்" என்றார். காலையில் டூட்டிக்குப் போவதற்கு முன்னால் புரோக்கரிடம் போய் ஜாதகத்தை வாங்கி வந்துவிட்டார். என்னிடம் தரவில்லை. உன் மேசையில் வைத்திருக்கிறார்.

லாக் ஆன அன்றைய பிரிண்ட் அவுட்டும் கடைசி ரேங்க் பட்டியலும் பழைய பேப்பர் அட்டைப்பெட்டிக்கு அடியில் இருந்தன. இரண்டையும் இந்தக் கடிதத்தோடு பின் அடித்து உன் பைக்கின் டேங்க் கவரில் வைக்கிறேன். நான் சொல்வதை நம்ப வேண்டாம், தாளைப் பார். இதைப் பக்கத்தில் போடலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். சரி என்றால் மட்டும் போடுவேன். அடுத்த கவுன்சலிங்குக்கு என் கடைக்கு வந்து காதில் குசுகுசுக்கப் போகிற அம்மாக்கள் படிக்கட்டும் என்று ஆசை. வேண்டாம் என்றால் இது நம் மூன்று பேரோடு போகும்.

லடாக்குக்குப் போ என்று இதைச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் அம்புக்குறியை அழுத்துகிற வேலைதான். உனக்கு மதுரை பிடித்து, குளிர் பிடிக்காமல், இங்கேயே இருக்கலாம் என்று தோன்றினால் அதுவும் ஒரு நல்ல பதில். மயில் ஒன்றும் வாத்தைவிட மட்டம் கிடையாது. ஆனால் 'எனக்குத் தகுதி இல்லை' என்பதை மட்டும் காரணமாக எழுதாதே. அது நான் எழுதியது, நீ எழுதியது இல்லை. போவதாக இருந்தால் முதல் சில நாள் வேலைக்கு ஓடாமல் படுத்து ஓய்வெடு. நம் ரத்தம் சமவெளி ரத்தம், அந்த வாத்துக்குத் தலைமுறைகள் செய்து குடுத்ததை உன் உடம்பு மெதுவாகத்தான் சமாளிக்கும். கோபம் வந்தால் கோபப்படு. பேசாமல் இருக்கவேண்டும் என்றால் இரு. எத்தனை நாள் என்று நான் கேட்கமாட்டேன்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. உன் மெயில், பேங்க், வேலைக்கு விண்ணப்பித்த கணக்கு எல்லாவற்றிலும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து என் ஃபோன் நம்பர்தான் இருக்கிறது. பதிலை அனுப்புவதற்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றிலும் உன் நம்பரை மாற்று. பாஸ்வேர்டையும் மாற்று. நான் கீழே கடையில்தான் இருப்பேன். மாற்றும்போது ஓடிபி எனக்குத்தான் வரும். மாடிப்படிக்குக் கீழே நின்று எண்களைக் கத்திச் சொல்லிவிடுகிறேன், மேலே வரமாட்டேன். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் வராது.

அம்மா